கோணேசர் மலையடியில் மூழ்கியவர், வானில் குரல்களை இணைத்தவர்

எங்கள் அன்புவழிபுரத்திலிருந்து கோணேசர் மலைக்குச் சைக்கிளிலேயே போய் வரலாம். பிரடெரிக் கோட்டை வாசலால் ஏறி, இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளைக்காரரின் நினைவு வரும். 1956ஆம் ஆண்டு அந்தக் கடலில் மூழ்கியவர்களில் ஒருவர் அவர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் அவரும் நண்பர் மைக் வில்சனும் அங்கே கண்டார்கள். மேலே நம்மவர்கள் கோயிலைத் திரும்ப எழுப்ப முயன்றுகொண்டிருந்த காலம் அது. கும்பாபிஷேகம் 1963இல்தான் நடந்தது.

அவர் பெயர் ஆர்தர் சி. கிளார்க். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் என்றே பலருக்கும் தெரியும். நான் இங்கே சொல்ல வருவது வானொலிக்காரரான கிளார்க்கைப் பற்றி.

இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்ற கரையோர ஊரில் 1917 டிசெம்பர் 16ஆம் திகதி பிறந்தார். தாய் ஒரு காலத்தில் தபால் திணைக்களத்தில் தந்தி அனுப்பும் வேலை பார்த்தவர். தகப்பன் கமக்காரர்; மகனுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். பல்கலைக்கழகம் போகக் காசில்லை. 1936இல் லண்டன் வந்து அரசாங்கக் கணக்காய்வு வேலையில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் அவரை விமானப்படையின் ராடார் பிரிவுக்குக் கொண்டுபோனது. மூடுபனியில் ஓடுபாதை தெரியாமல் தவிக்கும் விமானியை, தரையிலிருந்தபடியே ராடார் திரையைப் பார்த்து வானொலியில் வழிநடத்தி இறக்கும் முறை அப்போது சோதனையில் இருந்தது. அந்தப் பணியில் இருந்தபோதுதான் அவருடைய பெரிய யோசனை உருவானது. 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் என்ற சஞ்சிகையில் அது கட்டுரையாக வந்தது.

அதைப் புரிந்துகொள்ள ரிப்பீற்றர் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். கையிலே பிடிக்கும் சிறிய வானொலிக் கருவியின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். இடையில் மலை வந்தால் மறித்துவிடும். ஆகவே அமெச்சூர் வானொலிக் கழகத்தினர் காசு சேர்த்து, உயரமான இடத்தில் பொதுவாக ஒரு கருவியை வைப்பார்கள். அது ஒரு அலைவரிசையில் வரும் மெல்லிய குரலைக் கேட்டு, அதே கணத்தில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவரும் அந்தப் பக்கம் இருப்பவரும் பேசிக்கொள்ளலாம். இதுதான் ரிப்பீற்றர்.

எந்த மலையும் போதாது, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வையுங்கள் என்றார் கிளார்க். அந்த உயரத்தில் சுற்றும் பொருள் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அப்படி மூன்றை வைத்தால் உலகம் முழுவதும் குரல் போகும். அந்தக் கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்தது 15 பவுண். காப்புரிமை எடுக்கவில்லை. தன் வாழ்நாளில் நடக்காது என்று நினைத்தாராம். ஆனால் 1964இல் ரோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் அவ்வாறான ஒரு செய்மதி வழியாகவே பசுபிக்கைக் கடந்தன.

அமெச்சூர் வானொலிக்காரரும் பின்தங்கி நிற்கவில்லை. தாங்களே செய்த ஒஸ்கார் 1 என்ற சிறு செய்மதியை 1961 டிசெம்பரில் விண்ணுக்கு அனுப்பினார்கள். 1965 மார்ச்சில் போன ஒஸ்கார் 3, அனுமதிப்பத்திரம் உள்ள எவரும் பயன்படுத்தக்கூடிய பொது ரிப்பீற்றர். வேலை செய்தது இரண்டரை வாரம்தான். ஆனால் ஏர்லி பேர்ட் என்ற முதல் வர்த்தகச் செய்மதி ஏவப்பட்டது அதற்கு அடுத்த மாதம்தான்.

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். கடல்தான் அவரை இழுத்தது. 1962இல் நோயால் உடல் செயலிழந்து மெல்ல மெல்லத் தேறினார். பிற்காலத்தில் சக்கர நாற்காலிக்கு வந்தார். நீருக்குள் மட்டும் தனக்குப் பாரம் தெரிவதில்லை என்பதால் சுழியோடுவதை விடவில்லை. 1975இல் இந்திய விண்வெளி நிறுவனம் அவரது கொழும்பு வீட்டில் ஒரு பெரிய டிஷ் அன்ரனாவைப் பொருத்திக் கொடுத்தது. இந்தியக் கிராமங்களுக்காகச் செய்மதி வழியே அனுப்பிய நிகழ்ச்சிகளை அவர் தன் வீட்டிலிருந்தே பார்த்தார்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் கூரைகள் நினைவுக்கு வந்தன. போர்க்காலத்தில் வழமைக்கு மாறான ஒரு கம்பி கூரையில் தெரிந்தாலே விசாரணை வரும் என்ற பயம். வடக்கில் பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டது நம் சனம். ஒரு தேசம் வானொலியைக் கேட்க இவ்வளவு பாடுபட்டது. ஆனால் பேசும் கருவி சாதாரண மனிதர் கையில் இருக்கவில்லை. கேட்க மட்டும் முடிந்த காலம் அது.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை எங்கள் கரையையும் விடவில்லை. கிளார்க்கின் ஹிக்கடுவ சுழியோடும் நிலையமும் அழிந்தது. அப்போது அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செத்துக் கிடக்க, அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிற்றலைக் கருவிகளோடு அங்கே போய்க் கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினார்கள். செய்மதியைக் கனவு கண்ட கிளார்க்கே, இந்தப் பழைய சிற்றலையைப் பாராட்டி எழுதினார்.

2007 டிசெம்பரில் தன் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு ஒரு காணொளி வெளியிட்டார். அதில் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலகில் உயிர் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்க வேண்டும். மனிதர் எண்ணெயை நம்பி இருப்பதை விட வேண்டும். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். அடுத்த மாதம் யுத்தநிறுத்த உடன்படிக்கை முறிந்தது. மார்ச் 19ஆம் திகதி அவர் கொழும்பில் காலமானார். அடுத்த ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்கால்.

அங்கிருந்து குரல்கள் வெளியே வந்ததும் செய்மதித் தொலைபேசி வழியாகத்தான். அவர் 1945இல் எண்ணியபடி குரல் உலகம் முழுவதும் போனது. போன குரலைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். குரலைக் கொண்டுபோவது கருவியின் வேலை. கேட்பதற்கு மனிதர் வேண்டும். இந்த ஒரு விடயத்தில் கிளார்க்கின் கணக்கில் பிழையில்லை, பிழை வேறிடத்தில்.

இன்று அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரத்தைப் பரீட்சை எழுதி எவரும் பெறலாம். 2018இல் ஏவப்பட்ட கட்டார் செய்மதியொன்றில், கிளார்க் சொன்ன அதே உயரத்தில், அமெச்சூர் வானொலிக்காரருக்கான ரிப்பீற்றர் இருக்கிறது. நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அடுத்த பேரலை வரும்போது எங்கள் கரையில் பேசும் கருவி எங்கள் கையில் இருக்க வேண்டும்.

ரிப்பீற்றரில் பேசுவோருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் உடனே பேச மாட்டார். சில விநாடி விடுவார். ஆபத்தில் இருக்கும் யாராவது இடையில் கூப்பிடுகிறார்களா என்று கேட்பதற்காக அந்த இடைவெளி.