மணலில் எழுதிய மாணவர்

தமிழுக்குத் தொண்டு செய்த மேலைநாட்டார் யாவர் என்று கேட்டால், வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்று மூவர் பெயரை நாம் மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். அம்மூவருக்கும் முன்னரே தமிழ்க் கரையில் வந்திறங்கி, முப்பத்தாறாம் வயதிலேயே இந்த மண்ணில் அடங்கிப்போன ஓர் இளைஞரை நம்மில் பலர் அறிவதில்லை. அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

அவர் வரலாற்றை நான் விருப்பத்தோடு படிக்கத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நம் சமயத்தை மாற்ற வந்தவரை நாம் ஏன் போற்ற வேண்டும் என்ற எண்ணம் என்னுள் இருந்தது. படித்து முடித்தபின் அந்த எண்ணம் முற்றிலும் அகன்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து அமர்ந்துகொண்டது. அதைத்தான் இங்கு எழுத விழைகிறேன்.

ஜெர்மனியில், சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் இறையியல் பயின்றார். உடல்நலம் குன்றியதால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. அந்நாளில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக், தமது ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பினார். சீகன்பால்கும் புளூட்சோ என்னும் தோழரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1705ஆம் ஆண்டு இறுதியில் கப்பலேறிய இருவரும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அப்போது சீகன்பால்குக்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு. நம்மில் பலர் முதுகலை முடித்து, அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் வயது!

அரசர் அனுப்பிய ஆட்களுக்கு அரச வரவேற்பு கிடைத்ததா? இல்லை. சமயப் பணி வணிகத்துக்கு இடையூறாகும் என்று அஞ்சிய கோட்டைத் தளபதி ஹாசியஸ், அவர்களை நெடுநேரம் காக்கவைத்து வேண்டாவெறுப்பாகவே ஏற்றார். ஊராரின் மொழி தெரியாது; உண்ணும் உணவு புதிது; வெயிலோ பொறுக்க முடியாதது.

இந்நிலையில் அவர் செய்த காரியந்தான் என் மனத்தை முதலில் தொட்டது. ஒரு தமிழ் ஆசிரியரை வேண்டி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தாம் தங்கிய இடத்திலேயே நடத்தச் செய்தார். சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்றார். கற்பிக்க வந்தவர் மாணவரானார்! என் அப்பாருவும் மணலில் எழுதித்தான் படித்தவர். அவருடைய விரலில் இருந்த அதே மணல், பல்கலைக்கழகம் கண்ட ஓர் ஐரோப்பியர் விரலிலும் ஒட்டியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

பல மொழி அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துணையாக வாய்த்தார். முதிய புலவர் ஒருவரும் உடனிருந்தார். அக்காலத்தில் அவர் வகுத்துக்கொண்ட நாள் ஒழுங்கைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு இறைவழிபாடும் சமய விளக்கமும். ஏழு மணிக்குத் தாம் முன்னர்க் குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் படித்தல். எட்டு முதல் பன்னிரண்டு வரை புலவர் பொருள் சொல்ல, எழுத்தர் புதுச்சொற்களைக் குறிக்க, ஓலைச்சுவடிகளைக் கற்றல். உண்ணும்போதும் ஒருவர் அருகிருந்து படிப்பார். பிற்பகலில் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி; பின் மறுபடியும் சுவடி. விளக்கொளியில் ஓலையெழுத்து கண்ணை வருத்தும் என்பதால், இரவில் பிறர் படிக்கக் கேட்பார். தேர்வுக்கு முந்திய நாள் மட்டும் விழித்திருக்கும் நாம் நாணத்தான் வேண்டும்! இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஓர் அட்டவணையும் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் ஆக்கினார்.

குறையையும் மறைக்கக் கூடாது. வந்த புதிதில், ஊர்க் கோயில் ஒன்றில் இருந்த மண்ணுருவங்கள் சிலவற்றைச் சமய ஆர்வத்தால் தள்ளி உடைத்தார். அவை தெய்வங்களே அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று ஓர் ஆசிரியர் அவருக்கு எடுத்துரைத்தார். இப்பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்து மேட்டில் கருப்பராயன் கோயில் உண்டு. நோய் தீர்ந்ததற்கும், கன்று பிழைத்ததற்கும் நேர்ந்து வைத்த உருவாரங்கள் அங்கே வரிசையாய் நிற்கும். அவற்றை ஒருவர் உடைத்தால் எங்கள் ஆத்தாவின் மனம் என்ன பாடுபடும்?

மறுநாள்தான் மீண்டும் படிக்கத் துணிந்தேன். நல்லவேளை, படித்தேன்!

1708ஆம் ஆண்டு இறுதியில், ஒரு கைம்பெண்ணின் வழக்கில் பரிந்து பேசியதால் தளபதியின் சினத்துக்கு ஆளாகி, நான்கு மாதம் கோட்டைச் சிறையில் அடைபட்டார். முதலில் எழுதுகோலும் மையுங்கூட அவருக்கு மறுக்கப்பட்டன. சிறைப்படுவதற்குச் சற்று முன்னர்த் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை விடுதலைக்குப் பின் தொடர்ந்து, 1711இல் முடித்தார். அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்தும், தமிழ் எழுத்துகள் ஹாலேயிலிருந்தும் வந்தன. காகிதம் போதாமையால் எழுத்துகளைச் சிறிதாக்கி இங்கேயே வார்த்தனர். 1715இல் நூல் முற்றுப்பெற்றது. இந்திய மொழிகளுள் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சேறியது தமிழில்தான்.

இதற்கிடையே, 1713இல், தென்னாட்டுத் தெய்வங்களின் வமிசாவளியை விரிவாக எழுதி முடித்தார். சிவன், திருமால் மட்டுமல்லர். ஐயனார், மாரியம்மன், பிடாரி என ஊர்த் தெய்வங்களும் அதில் இடம்பெற்றனர். மக்களிடமே கேட்டறிந்து, வழிபாட்டு முறைகளை ஒழுங்காகக் குறித்தார். மண்ணுருவத்தை உடைத்த கை, அதன் பெயரையும் பொருளையும் பொறுமையாக எழுதியது. அவர் தம் நம்பிக்கையைக் கைவிட்டாரா? ஒருபோதும் இல்லை. மாற்ற வந்த மக்களை முதலில் அறிய வேண்டும் என்ற நேர்மை மட்டும் வளர்ந்தது.

அந்த நேர்மையை அனுப்பியவர்கள் விரும்பவில்லை. ஒழிக்க வேண்டியதைப் பரப்புவதா என்று சொல்லி, பிராங்கே அந்நூலை அச்சிட மறுத்தார். 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின்! கோப்பன்ஹேகனில் இருந்த மேலிடமும் இறுதிக் காலத்தில் அவர் பணிமுறையைக் கடிந்தெழுதி மனத்தைப் புண்படுத்தியது. தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தை 1718 அக்டோபரில் திறந்துவைத்தவர், 1719 பிப்ரவரி 23ஆம் நாள் உயிர்நீத்தார். அந்த ஆலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சென்ற ஆண்டு தரங்கம்பாடிக்குச் சென்றபோது அக்கல்லறை முன் சிறிது நேரம் நின்றேன். அவருடைய சமயம் என்னுடையதன்று. அவர் வந்த நோக்கமும் எனக்கு உடன்பாடன்று. ஆயினும் கைகள் தாமே குவிந்தன. வெளியே வந்து கடற்கரையில் அமர்ந்தபோது, என்னையறியாமல் விரல் மணலில் ஓர் ‘அ’ எழுதியது. அலை வந்து அழித்தது. மீண்டும் எழுதினேன்.

பிறர் நம்பிக்கையை ஏற்க வேண்டும் என்பதில்லை. அறிந்துகொள்ளவாவது அமர வேண்டும். அதற்கு முதற்படி, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்காருவதே. மாணவராய் இருக்கும் நமக்கு அது கடினமன்று, தோழர்களே!