முதலாம் பராந்தக சோழன்

முதலாம் பராந்தக சோழன் (ஆட்சிக்காலம்: ஏறத்தாழ கி.பி. 907 - 955) பிற்காலச் சோழ மன்னர்களுள் ஒருவன். முதலாம் ஆதித்த சோழனின் மகன்; முதலாம் இராசராச சோழனின் கொள்ளுப்பாட்டன். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகள் இவனது காலத்தவை.

போர்கள்

ஆட்சியின் தொடக்கத்திலேயே பாண்டிய நாட்டின் மீது படையெடுத்து, மதுரை கொண்ட கோப்பரகேசரி என்னும் பட்டம் பெற்றான். பின்னர் வெள்ளூரில் நடந்த போரில், ஈழப்படையின் துணையுடன் வந்த பாண்டியன் இராசசிம்மனைத் தோற்கடித்தான். இராசசிம்மன் ஈழத்துக்குத் தப்பிச் சென்று, தன் முடியையும் அரச சின்னங்களையும் அங்கே விட்டுவிட்டுச் சேர நாடு சென்றான். அவற்றை மீட்கப் பராந்தகன் ஈழத்துக்குப் படை அனுப்பியும் முடி கிட்டவில்லை. பின்னாளில் முதலாம் இராசேந்திரனே அதைக் கைப்பற்றினான். இதற்கிடையே திருவல்லத்தில் இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருட்டிணனின் படையையும் பராந்தகன் வென்றிருந்தான்.

உத்திரமேரூர் ஏற்பாடு

உத்திரமேரூர் அக்காலத்தில் ஒரு பிரமதேயம். அதன் சபை தன் வாரியங்களைத் தானே தெரிவு செய்துகொண்டது. இதற்கான விதிகள் வைகுந்தப் பெருமாள் கோயிலில் இரண்டு கல்வெட்டுகளாக உள்ளன. முதலாவது பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் (919), மன்னனின் அதிகாரியான தத்தனூர் மூவேந்தவேளான் முன்னிலையில் எழுதப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 14ஆம் ஆட்சியாண்டில் (921), சோமாசிப்பெருமான் முன்னிலையில் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. முதல் ஏற்பாட்டில் குறைகள் தென்பட்டிராவிட்டால் இவ்வளவு விரைவில் திருத்தம் தேவைப்பட்டிராது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் குடும்புக்குரியது எனக் காட்டும் வாயோலையைக் கட்டின் மேல் வைத்துக் குடத்தில் இட்டனர். ஊரார் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் எடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். பின் நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பர்.

ஓலையை மறைக்கவோ மாற்றவோ எவருக்கும் இடம் தராததே இம்முறையின் சிறப்பு. வாயோலை தவறினால் கட்டு எக்குடும்புக்குரியது என்பதே தெரியாது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரே தரவை இரு வன்தட்டுகளில் படியெடுத்து வைப்போர் இச்சிக்கலை அறிவர்: இரண்டிலும் பிரிவின் பெயர் ஒன்றாகவே இருந்து, அவை தனித்தனித் தட்டுகளாகத் தென்பட்டால், பெயரை மட்டும் கொண்டு எதைத் திறப்பது எனக் கணினி அறியாது.

இவ்வாறு தெரிவான 30 பேரிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் 12 பேர் வீதமும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமர்த்தப்பட்டனர். பதவிக்காலம் 360 நாட்கள். வயது வரம்பு 919இல் 30 முதல் 60 வரை. 921இல் அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்களும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களின் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இதை இன்றைய மக்களாட்சித் தேர்தலுக்கு இணையாகக் கூறுவது பொருந்தாது. பெண்களும் நிலமற்றோரும் பிற சாதியினரும் இதில் இடம்பெறவில்லை. மேலும் இது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டு. எனினும், கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் விலக்கும் கடுமை இக்காலச் சட்டங்களிலும் அரிது.

இறுதிக்காலம்

தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவன் எனச் செப்பேடுகள் பராந்தகனைப் போற்றுகின்றன. அவனது வீரநாராயணன் என்னும் பட்டத்தால் பெயர் பெற்றதே வீராணம் ஏரி. வடக்கிலிருந்து வரக்கூடிய தாக்குதலை எதிர்பார்த்துத் தன் மூத்த மகன் இராசாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில் படையுடன் நிறுத்தியிருந்தான். 949இல் தக்கோலத்தில் மூன்றாம் கிருட்டிணனுடன் நடந்த போரில், கங்க மன்னன் பூதுகனால் இராசாதித்தன் யானை மீதிருந்தவாறே கொல்லப்பட்டான். தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டு நீங்கியது. பராந்தகன் ஏறத்தாழ 955இல் இறந்தான். அவனுக்குப் பின் அவனது மற்றொரு மகன் கண்டராதித்தன் அரியணை ஏறினான்.