வாட்டர் ஃபில்டர் 'கேண்டில்' தந்த சேம்பர்லேண்ட்: யார் இவர்? அதை ஏன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், மன்னார் வளைகுடா கரையோரம் இருக்கும் ஊர் புதுமடம். இந்தக் கடலோரத்தில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் குடிக்க காவிரி கூட்டுக் குடிநீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று எது கிடைக்கிறதோ அதைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. பிடித்த தண்ணீரை ஃபில்டரில் ஊற்றிவிட்டால் கவலை இல்லை என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை.

அந்த ஃபில்டருக்குள் இருக்கும் கேண்டிலையோ, கார்ட்ரிட்ஜையோ கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஞாபகம் இல்லை என்றால் இந்த வாழ்க்கைக் கதை உங்களுக்குத்தான்.

யார் இந்த சேம்பர்லேண்ட்?

சார்லஸ் சேம்பர்லேண்ட் 1851-ல், பிரான்ஸின் ஜூரா பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். லூயி பாஸ்டரின் சொந்தப் பகுதியும் அதுதான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கண்டுபிடித்த அதே பாஸ்டர். 1907-ல் நம்ம குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பாரிஸில் படித்த சேம்பர்லேண்ட், 1870-களின் நடுவில் பாஸ்டரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். கருவி செய்வதில் கெட்டிக்காரர். ஆய்வகத்தில் ஏதாவது வேலை சிக்கிக்கொண்டால், அதற்கென்றே ஒரு கருவியை உருவாக்கிவிடுவார்.

முதலில் 'குக்கர்', அப்புறம் ஃபில்டர்

அப்போது விஞ்ஞானிகளிடையே ஒரு பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. கொதிக்க வைத்த திரவத்தில்கூட சில நேரம் கிருமிகள் வளர்ந்தன. அப்படியென்றால் உயிர்கள் தானாகவே தோன்றுகின்றனவா என்பதுதான் கேள்வி. உண்மையில் சில கிருமிகளின் வித்துகள் 100 டிகிரி சூட்டையும் தாங்கிவிடும். அவற்றைக் கொல்ல அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும்.

இதற்காக அழுத்தமான நீராவியில் பொருட்களைச் சூடாக்கும் ஒரு பாத்திரத்தை சேம்பர்லேண்ட் 1879 வாக்கில் உருவாக்கினார். ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் 'ஆட்டோகிளேவ்' அதுதான். நம்ம வீட்டு பிரஷர் குக்கருக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

1881-ல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டுக் காட்டிய பாஸ்டரின் புகழ்பெற்ற பொதுச் சோதனையிலும் இவர் பங்கு உண்டு. அன்று போடப்பட்டது சேம்பர்லேண்டின் முறையில் தயாரித்த மருந்து என்பது, பிற்காலத்தில் பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளைப் படித்தபோதுதான் தெளிவானது. ஆனால் பெயர் வாங்கியது பாஸ்டர்.

கேண்டில் எப்படிப் பிறந்தது?

1882-ல் பாரிஸில் டைபாய்டு பரவியது. காய்ச்சல் தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்ற சந்தேகம் வலுத்தது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலிருந்து கிருமியை எப்படிப் பிரிப்பது?

சேம்பர்லேண்ட் 1884-ல் தந்த விடை ரொம்ப எளிமையானது. மேற்பூச்சு பூசாத பீங்கானில் ஒரு குழாய். ஒரு முனை மூடியிருக்கும். வெளிப்பக்கம் தண்ணீரை விட்டால், பீங்கான் சுவர் வழியாகக் கசிந்து உள்ளே இறங்கும். அந்தச் சுவரின் நுண்துளைகள் பாக்டீரியாவைவிடச் சிறியவை. அதனால் பாக்டீரியா வெளியே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே வரும்.

பார்க்க மெழுகுவர்த்தி போல இருந்ததால் பிரெஞ்சில் மெழுகுவர்த்திக்கான சொல்லாலேயே அதை அழைத்தார்கள். எவர்சில்வர் ஃபில்டரின் மேல் அடுக்கில் நிற்கும் வெள்ளைக் குழாயை நாம் இன்றும் 'கேண்டில்' என்றுதான் சொல்கிறோம்.

வீட்டுக் குழாய்களில் மாட்டினார்கள், ராணுவ முகாம்களில் பொருத்தினார்கள். சேம்பர்லேண்ட் 1885 முதல் 1889 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

ஃபில்டர் சொன்ன கெட்ட செய்தி

சீக்கிரமே ஒரு சிக்கல் தெரிந்தது. சுவரில் மாட்டிய பாக்டீரியா சாவதில்லை. அங்கேயே ஈரத்தில் பெருகி, சில நாட்களில் சுவருக்குள் வளர்ந்து மறுபக்கத்துக்கே வந்துவிடும். அதனால் கேண்டிலை அடிக்கடி கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, கொதிக்க வைக்கவோ நெருப்பில் சுடவோ வேண்டியிருந்தது.

பிறகு ஜெர்மனியின் பெர்க்ஃபெல்ட், கீசல்கூர் என்ற மென்மையான மண்ணில் கேண்டில் செய்தார். தண்ணீர் வேகமாக இறங்கியது. ஆனால் தேய்க்கத் தேய்க்க அது மெலிந்துகொண்டே போகும். மெலிந்தால் புதுசு போட வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 1892-ல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி, நோய் பிடித்த புகையிலைச் சாற்றை சேம்பர்லேண்ட் கேண்டிலில் வடிகட்டினார். வடிந்த சாறும் நல்ல செடிக்கு நோயைத் தந்தது! பாக்டீரியாவைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று உள்ளே போகிறது. அதுதான் வைரஸ். தடுக்க முடியாததைக் காட்டிக்கொடுத்து, ஒரு புதிய அறிவியல் துறைக்கே அந்தக் கேண்டில் வழி திறந்தது.

1904-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் துணை இயக்குநரான சேம்பர்லேண்ட், 1908-ல் தன் 57-வது வயதில் காலமானார்.

சரி, நம்ம வீட்டுக்கு என்ன பாடம்?

கேண்டில் உப்பை எடுக்காது: கரைந்த உப்பு அந்தத் துளைகள் வழியாகத் தாராளமாகப் போய்விடும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காதபோது 2,000 வரை அனுமதி உண்டு. உப்புத் தண்ணீருக்கு ஆர்.ஓ. மெம்பிரேன்தான் வழி.

வைரஸுக்கு கேண்டிலை மட்டும் நம்ப வேண்டாம்: சந்தேகமான தண்ணீர் என்றால் கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் பாதுகாப்பு.

வேகமாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்: வழக்கத்தைவிட திடீரென வேகமாகச் சொட்டினால் கேண்டிலில் விரிசல் இருக்கலாம். தேய்த்துக் கழுவியும் மெதுவாகவே இறங்கினால் துளைகள் அடைத்துவிட்டன. இரண்டுக்கும் புது கேண்டில்தான் தீர்வு. கழுவும்போது மென்மையான பிரஷ் போதும், சோப்பு வேண்டாம்.

ஆர்.ஓ. மெஷினுக்குள் பல கார்ட்ரிட்ஜ்கள்: செடிமென்ட் ஃபில்டர் அழுக்கானால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். கார்பன் ஃபில்டர் காட்டாது. தண்ணீரிலுள்ள குளோரினை அது உறிஞ்சிவிடுவதால், பழசானால் அதற்குள்ளேயே கிருமி வளரலாம். மெம்பிரேன் தேய்ந்தால் வெளிவரும் தண்ணீரின் டிடிஎஸ் ஏறும். சின்ன டிடிஎஸ் மீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

தேதி எழுதி ஒட்டுங்கள்: மாற்றிய தேதியையும், கம்பெனி சொல்லும் அடுத்த தேதியையும் ஃபில்டர் மேலேயே ஒட்டிவையுங்கள். மொபைலில் ஒரு ரிமைண்டர் போட்டாலும் சரி.

ஃபில்டர் இல்லாத வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். காலாவதியான ஃபில்டர் இருக்கும் வீட்டில், அதான் ஃபில்டர் இருக்கே என்று நம்பி அப்படியே குடிப்பார்கள். சேம்பர்லேண்ட் காலத்திலேயே தெரிந்துவிட்ட ஆபத்து இது. இன்று ராத்திரி தண்ணீர் பிடிக்கும்போது, மூடியைத் திறந்து அந்தக் கேண்டிலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.