கழுத்திலே பாய்ந்த குண்டு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பும் தோழர்களே! பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையிலே இராமாபுரம் தோட்டத்தைக் கண்டிருப்பீர்கள். அந்தத் தோட்டத்துக்கு உரியவரின் கதையைச் சொல்கிறோம்.

1917-ல் இலங்கையிலே பிறந்து, தந்தையை இழந்து, வறுமை துரத்த நாடகக் கம்பெனியிலே சேர்ந்த சிறுவன்தான் எம்.ஜி.ஆர். பசியை ஏட்டிலே படித்தவரல்ல, வயிற்றிலே உணர்ந்தவர்! உழைப்பால் உயர்ந்தார், திரையிலே ஏழைகளின் தோழனாக நின்றார்.

1967 ஜனவரி 12. பல படங்களில் உடன் நடித்த எம்.ஆர்.ராதா, படத் தயாரிப்பாளர் ஒருவருடன் தோட்டத்துக்கு வந்தார். பேசியிருந்த அறையிலே கைத்துப்பாக்கி வெடித்தது! எம்.ஜி.ஆரின் கழுத்திலே குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயம்பட்டார். சுட்டவர் ராதாவே என்றது நீதிமன்றம். அவர் சிறை சென்றார்.

மருத்துவர்கள் எம்.ஜி.ஆரின் உயிரைக் காத்தனர். கட்டுப் போட்ட கழுத்துடன் அவர் படம் ஊரெங்கும் சுவரொட்டியாயிற்று. படுக்கையிலிருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியிலே வென்றார். ஆனால், அந்தப் பழைய கணீர்க் குரல்? அது திரும்பவேயில்லை. செவியும் பழுதுபட்டது.

வந்தவர் பகைவரா? அறிமுகமற்ற கொள்ளைக்காரரா? இல்லை, பழகிய கலைஞர்! கோபம் யாருக்கும் வரும். கையிலே துப்பாக்கி இல்லாவிட்டால் வசவோடு போகும். இருந்தால் உயிரையே கேட்கும்.

ஆலையிலே பிரஸ் மிஷின் விரலைத் துண்டித்தால், தொழிலாளியின் கவனக்குறைவு என்று கணக்கை முடிக்கலாமா? முடித்தால் நாளை இன்னொரு விரல் போகும். எந்த மிஷின், எத்தனை விரல் என்று எண்ணினால்தான் கை நுழையாதபடி தடுப்பு வரும். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் துப்பாக்கிச் சாவுகளையும் இப்படித்தான் எண்ணினார்கள். வீட்டிலே துப்பாக்கி இருந்தால் அவ்வீட்டிலே கொலை நடக்கும் ஆபத்து கூடுகிறது, அதுவும் உறவினர், பழகியவர் கையாலேயே என்று 1993-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. விளைவு? 1996-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதித்தது. ஆய்வுக்கான அரசுப் பணம் வற்றிற்று. 2019-ன் இறுதியிலேதான் மீண்டும் பணம் ஒதுக்கினார்கள். எண்ணுவதற்கே அஞ்சியவர்கள் யாருக்காக அஞ்சினார்கள்?

நம் நாட்டிலே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019-ல் இரண்டாகக் குறைத்தனர். இந்த வேலியைத் தளர்த்த யார் வந்தாலும் நாம் எதிர்ப்போம்.

எம்.ஜி.ஆர். 1977-ல் முதலமைச்சரானார். 1982-ல் பிள்ளைகளின் பசி தீர்க்கச் சத்துணவுத் திட்டம் தந்தார். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். குண்டு வெடித்த அந்தத் தோட்டத்திலே இன்று, அவர் விருப்பப்படி, வாய்பேச இயலாத, செவி கேளாத பிள்ளைகள் படிக்கிறார்கள். குரலை இழந்தவர் குரலற்றோர்க்கு இல்லம் தந்தார்!

நாளை பேருந்து அவ்வழியே போகும்போது, தோழர்களே, அந்தப் பிள்ளைகளை எண்ணுங்கள்; அந்தக் குண்டையும் எண்ணுங்கள்.