குற்றாலத்து ரசிகமணி

செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் புளியறை என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைத் தாண்டினால் மலைப்பாதை. அப்பால் ஆரியங்காவு. அது கேரளம். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. ஆனி மாதம் பிறந்ததும் தென்மேற்குக் காற்று அந்தக் கணவாய் வழியாகப் புகுந்து வரும். முதலில் புளியறை வயல்களைத் தொடும். பிறகு செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் என்று ஊர் ஊராகப் போகும். போகிற இடமெல்லாம் பன்னீர் தெளித்தது போலத் தூவிக் கொண்டே போகும். அதை மழை என்று சொல்ல முடியாது. வெயில் என்றும் சொல்ல முடியாது. சாரல் என்பார்கள்.

ஒரு காலத்தில் புளியறையும் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தன. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் செங்கோட்டைப் பகுதி நம்மோடு சேர்ந்தது. ஆனால் சாரல் காற்று அதற்கு முன்பும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை!

சாரல் எல்லோர் மேலும்தான் விழுகிறது. விவசாயி பயிரைப் பார்த்து மகிழ்கிறான். வெளியூர்க்காரர்கள் வந்து அருவியில் குளித்து, சாப்பிட்டு, ஊர் திரும்புகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ அது பழகிப் போன விஷயம். குற்றாலத்தில் ஒருவர் இருந்தார். அவருக்கு மட்டும் அது பழகவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் சாரல் அவருக்குப் புதிதாகவே வந்தது. வெளியூரில் இருக்கும் நண்பர்களுக்கெல்லாம் அதைப் பற்றி எழுதி, வரச் சொல்லி அழைப்பார்.

அவர்தான் ரசிகமணி டி.கே.சி. முழுப் பெயர் டி.கே. சிதம்பரநாத முதலியார்.

வக்கீலுக்குப் படித்தவர்

டி.கே.சி. 1882-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் பெயர் தீத்தாரப்ப முதலியார். தாயார் மீனாம்மாள். குடும்பத்துக்குச் சொந்த ஊர் தென்காசி. சென்னையில் கல்லூரிப் படிப்பு. பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார். திருநெல்வேலியில் குடியேறினார்.

வக்கீல் தொழிலில் நிறையச் சம்பாதிக்கலாம். அதற்கு வேண்டிய அறிவும் பேச்சும் அவருக்கு இருந்தன. ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. கட்சிக்காரரின் தஸ்தாவேஜைப் பிரித்து வைத்தால், நெஞ்சு கம்பன் பாட்டைப் பிரித்து வைத்துக் கொள்ளும். இதனால் அவர் சும்மா இருந்து விட்டார் என்று நினைக்க வேண்டாம். சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராக இருந்தார். 1930-க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்து அறநிலைய போர்டில் கமிஷனராகப் பணியாற்றினார். கௌரவமான பதவிகள்தான். ஆனாலும் இன்று அவரை யாரும் கமிஷனர் என்று நினைப்பதில்லை. ரசிகமணி என்றுதான் நினைக்கிறார்கள்.

ரசிகர் என்றால் நமக்கு உடனே சினிமா ஞாபகம் வரும். இது வேறு. நல்லதை நல்லது என்று கண்டு, நெஞ்சு நிறைந்து, அதைப் பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டுகிறவர் ரசிகர். டி.கே.சி. கவி எழுதவில்லை. கதை எழுதவில்லை. பிறர் எழுதியதையும், இயற்கை செய்ததையும், ஏழை எளியவர்கள் பேசியதையும் அனுபவித்தார். அதுவே அவருடைய வாழ்க்கை வேலை.

வட்டத்தொட்டி

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீடு. அந்த வீட்டில் வட்ட வடிவமான தொட்டிக்கட்டு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். அதற்குத் தலைவர் இல்லை, சந்தா இல்லை, தீர்மானம் இல்லை. வட்டத்தொட்டி என்ற பெயர் மட்டும் நிலைத்து விட்டது.

என்ன நடக்கும் அங்கே? ஒரு பாட்டை எடுத்துக் கொள்வார் டி.கே.சி. மெதுவாக ஒரு தடவை சொல்வார். மறுபடியும் சொல்வார். ஒரு சொல்லில் நிற்பார். அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொன்னால் அதற்கு உயிர் வரும் என்று காட்டுவார். நாலு அடிப் பாட்டு ஒன்றுக்கே அரை மணி நேரம் ஆனாலும் ஆகும். கேட்கிறவர்களுக்கு, தாங்கள் பல தடவை படித்த பாட்டா இது என்று தோன்றும்.

அங்கே வந்தவர்களில் பாஸ்கரத் தொண்டைமான் உண்டு. பிற்காலத்தில் ஹைகோர்ட் ஜட்ஜாக விளங்கிய மகராஜன் உண்டு. பேராசிரியர் அ. சீனிவாச ராகவன் உண்டு. டி.கே.சி. குற்றாலத்துக்குக் குடிபோன பிறகு வட்டத்தொட்டியும் அவரோடு குற்றாலம் போயிற்று. ராஜாஜி அங்கே வந்து தங்குவார். கல்கி வருவார். இடைசெவல் கிராமத்திலிருந்து கி. ராஜநாராயணன் என்ற இளைஞர் வருவார். பின்னாளில் கரிசல் காட்டு மக்களின் பேச்சையே இலக்கியமாக்கியவர் அவர்தான்.

பண்டிதர்களிடம் மட்டும் டி.கே.சி. தமிழைத் தேடவில்லை. வயலில் வேலை செய்கிறவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார். குழந்தைகள் பேசுவதைக் கேட்பார். அவர்கள் வாயில் தற்செயலாக வரும் ஒரு நல்ல சொல்லை, காசு கண்டெடுத்தவர் போல எடுத்து வைத்துக் கொள்வார். இங்கிலீஷ் படித்தவர்கள் தாய்மொழியில் பேசக் கூச்சப்பட்ட காலம் அது. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் பாடத்தைத் தமிழிலேயே சொல்லித் தரவேண்டும் என்று அவர் வாதாடினார். தமிழிசை இயக்கத்திலும் முன்னே நின்றார். சென்னையில் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், ராஜாஜி, கல்கி ஆகியோரோடு சேர்ந்து குரல் கொடுத்தவர்களில் டி.கே.சி. முக்கியமானவர்.

நாஞ்சில் நாட்டில் தேசிகவிநாயகம் பிள்ளை என்ற வாத்தியார் அமைதியாகக் கவி பாடிக் கொண்டிருந்தார். அந்தக் கவிகளை ஊர் ஊராகச் சொல்லித் தமிழ்நாட்டுக்கு அறிமுகம் செய்து வைத்தவர்களில் டி.கே.சி.யும் ஒருவர். கவிமணி என்று இன்று நாம் போற்றுவது அவரைத்தான்.

இலையில் விழுந்த தோசை

டி.கே.சி. வீட்டு விருந்து பெயர் பெற்றது. அருவியில் குளித்து வந்தவனுக்குப் பசி எப்படி இருக்கும் என்று குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும். இலை போட்டு உட்கார்ந்தால், டி.கே.சி. பக்கத்தில் இருந்து உபசரிப்பார். உபசாரம் என்றால் வாய் வார்த்தை இல்லை. பாட்டை விளக்குவது போலவே பலகாரத்தையும் விளக்குவார். தோசையின் பதம், சட்னியின் வாசம், எதோடு எதைச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் வரும். சாப்பிடுகிறவர் நிதானமாகி விடுவார். வீட்டில் தினமும் தின்கிற தோசைதான். ஆனால் அன்றைக்குத்தான் அதன் ருசியை முதல் முதலாகக் கண்டது போல இருக்கும்.

சிலர் இதை வேடிக்கையாகப் பேசினார்கள். கம்பனுக்கும் தோசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். டி.கே.சி.யைப் பொறுத்தவரை சம்பந்தம் உண்டு. கையில் இருக்கிற தோசையை ருசிக்கத் தெரியாமல் அவசரமாக விழுங்குகிறவனுக்குக் கம்பன் பாட்டு எப்படி ருசிக்கும்? இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான். நிதானம் வேண்டும். ஆக்கியவர் கைக்கு நன்றி சொல்லும் மனம் வேண்டும். இது பணக்காரருக்கு மட்டும் முடிகிற காரியமும் அல்ல. சாரல் விழுவதற்குக் காசு கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மழலைக்கு டிக்கெட் கிடையாது.

மகன் மறைவு

இப்படி எதையும் கொண்டாடுகிறவர் கஷ்டம் அறியாதவர் என்று நினைக்கத் தோன்றும். டி.கே.சி.க்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன். பாட்டனார் பெயரான தீத்தாரப்பன் என்ற பெயரையே வைத்திருந்தார்கள். தகப்பனாரைப் போலவே தமிழ்க் கவியில் தோய்ந்தவர். தீபன் என்ற பெயரில் எழுதினார். மகனுக்கு மகனாகவும், ரசனையில் தோழனாகவும் இருந்தவர். அந்த மகன் வாலிப வயதிலேயே இறந்து போனார். இளம் மனைவியையும் சின்னக் குழந்தைகளையும் விட்டுப் போனார்.

வீட்டில் துக்கம் நிறைந்திருந்தது. நண்பர்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி ஒரு வெண்பா எழுதி அனுப்பினார். நாலே அடி. மறைந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுகிற பாட்டு. டி.கே.சி. அதைப் படித்தார். திரும்பத் திரும்பப் படித்தார். வந்தவர்களுக்கும் சொல்லிக் காட்டினார். இப்படி ஒரு பாட்டுக் கிடைக்கும் என்றால் மகனையும் இழக்கலாமே என்று சொல்லும் அளவுக்கு அந்த வெண்பாவை அவர் போற்றியதாகச் சொல்வார்கள்.

இதைக் கேட்டுச் சிலருக்கு மனம் சுளிக்கும். பெற்றவர் பேசுகிற பேச்சா இது என்று தோன்றும். பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி கேட்டால் கோபம்கூட வரலாம். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மகன் மேல் பாசம் இல்லாதவருக்கு அந்தப் பாட்டு வெறும் நாலு வரி. உயிரே போனது போல் தவித்தவருக்குத்தான் அதன் ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் இறங்கும். டி.கே.சி. துக்கத்தை ஒளிக்கவில்லை. அதற்குள் நின்று கொண்டே, தமக்கு ஆறுதல் தர எங்கோ ஒரு நண்பர் பாடுபட்டுச் செய்த அழகான காரியத்தைக் கண்டார். கண்டதற்கு நன்றியும் சொன்னார். அழுது கொண்டே நன்றி சொல்வது எல்லோராலும் முடிகிறதில்லை.

பேரக் குழந்தைகள் தாத்தாவின் நிழலில் வளர்ந்தார்கள். விருந்து நிற்கவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

கம்பனும் சண்டையும்

டி.கே.சி.யை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். கம்ப ராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. அவை எல்லாம் கம்பர் வாக்கு அல்ல, பிற்காலத்தில் பலர் எழுதி நுழைத்தவை ஏராளம் என்று டி.கே.சி. துணிந்து சொன்னார். தம் காதுக்கும் நெஞ்சுக்கும் கம்பனாகத் தோன்றியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். அப்படி உருவானதுதான் ‘கம்பர் தரும் ராமாயணம்’.

புலவர்கள் சும்மா இருப்பார்களா? ஏட்டுச் சுவடியைப் பார்த்தல்லவா பாடத்தை முடிவு செய்ய வேண்டும், ஒருவர் ரசனையை வைத்து எப்படித் தள்ளலாம் என்று கேட்டார்கள். கேள்வி சரியான கேள்விதான். சுவடி ஆராய்ச்சி என்ற முறையில் பார்த்தால் டி.கே.சி. செய்ததை ஏற்றுக் கொள்வது கடினம். ஆனால் கம்பன் என்றாலே பயந்து தூர நின்றவர்களைக் கிட்ட அழைத்து வந்தவர் அவர். ‘கல்கி’ பத்திரிகையில் அவர் எழுதிய கம்பன் கட்டுரைகளை, இலக்கணம் படிக்காத சாதாரண ஜனங்களும் படித்தார்கள். ‘இதய ஒலி’ என்ற அவருடைய கட்டுரைப் புத்தகமும் அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற நடை. அகராதி வேண்டியதில்லை.

கடைசி நாட்கள்

குற்றாலத்தில் சீசன் இல்லாத மாதங்களும் உண்டு. மாசி, பங்குனியில் அருவி இளைத்து, பாறையில் கோடு போட்டது போல் விழும். வெளியூர்க்காரர் யாரும் வரமாட்டார்கள். கடைகள் பாதி மூடிக் கிடக்கும். டி.கே.சி. அந்த மாதங்களிலும் அங்கேதான் இருந்தார். திரிகூட மலையும், அதில் மேயும் மேகமும், திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியும் அவருக்குத் துணை. அந்தக் குறவஞ்சியை அவர் சொல்லக் கேட்ட பிறகு மலையைப் பார்த்தால், மலை முன்னைவிடப் பெரிதாகத் தெரியும்.

1954-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16-ந் தேதி டி.கே.சி. காலமானார். அப்பொழுது ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி. ஆருயிர் நண்பர் கல்கியும் அதே ஆண்டு டிசம்பர் மாதம் மறைந்தார்.

டி.கே.சி. தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாக வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் அவற்றைப் படிக்கலாம், அவ்வளவு எளிய தமிழ். பெரிய மனிதருக்கு எழுதியதும் இளைஞருக்கு எழுதியதும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நலம் விசாரிப்பு இருக்கும். ஒரு பாட்டு இருக்கும். அருவியைப் பற்றியும் சாரலைப் பற்றியும் செய்தி இருக்கும். குடும்பத்தோடு வாருங்கள் என்ற அழைப்பும் இருக்கும்.