கம்மந்தான் கான்சாகிபு

போர் நாட்டின் எல்லையை மாற்றுவதோடு மக்களின் வாழ்க்கை முறையையும் மாற்றிவிடுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் நிகழ்ந்த கருநாடகப் போர்கள் இதற்குத் தக்க சான்றாகும். அப்போர்களால் உயர்ந்து, அவற்றின் விளைவாலேயே வீழ்ந்த பெருவீரர் கான்சாகிபு ஆவார்.

அவர் இராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூரில், 1725-ஆம் ஆண்டளவில், எளிய குடியில் பிறந்தார் என்பர். மருதநாயகம் என்பது அவரது இளமைப்பெயர் என்றும், இசுலாம் சமயத்தைத் தழுவியபின் முகம்மது யூசுப்கான் எனப் பெயர் பூண்டார் என்றும் கூறுவர்.

அந்நாளில் பாளையக்காரரின் படைவீரர் தமக்கு விடப்பட்ட நிலத்தை உழுதுண்டு வாழ்ந்தனர். தலைவர் அழைத்தபோது வேலும் வாளும் ஏந்திச் சென்றனர். 1746-ஆம் ஆண்டில் அடையாற்றங்கரையில், ஏறத்தாழ ஆயிரவரே கொண்ட பிரெஞ்சுப் படை நவாபின் பெருஞ்சேனையை முறியடித்தது. அணிவகுத்து நின்று துப்பாக்கியால் சுடும் பயிற்சியின் ஆற்றலை நாடு அன்று கண்டது. அதன்பின் ஆங்கிலேயரும் நம் நாட்டு இளைஞரைப் பெருந்தொகையாகச் சிப்பாய்ப்படையிற் சேர்த்து, ஊதியம் அளித்துப் பழக்கினர். எளியவனும் திறமையால் உயர வழி பிறந்தது. ஆயினும், ஊர்த்தலைவனிடம் வைத்திருந்த பற்று ஊதியம் அளிப்போனிடம் சென்று சேர்ந்தது.

கான்சாகிபு 1752-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் படையிற் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போரில், பகைவர் சூழ்ந்த வழிகளினூடே உணவுப் பொருள்களைக் கொணர்ந்து படையைக் காத்தார். 1754-இல் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக்கப்பட்டார். கமாண்டன்ட் என்னும் அப்பதவிப் பெயரே மக்கள் நாவில் கம்மந்தான் என வழங்கலாயிற்று. 1758 திசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவர் செங்கற்பட்டு, பரங்கிமலைப் பக்கங்களில் திரிந்து பகைவரை ஓயாது அலைக்கழித்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது.

பின்னர் மதுரைச் சீமையை ஆளும் பொறுப்பு மீண்டும் அவரிடம் வந்தது. அவர் ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார், நெசவாளரை ஆதரித்தார், மீனாட்சியம்மன் கோயில் இழந்திருந்த நிலங்களை மீட்டளித்தார். எனினும், அன்னியர்க்காகப் புலித்தேவரை எதிர்த்து, 1761-இல் அவருடைய கோட்டைகளைக் கைப்பற்றியதும் அவர் வாளே. தமிழ் வீரம் தமிழ் வீரத்தோடு மோதிய அவலம் அது!

மதுரை தமக்கே உரியது என்றார் நவாபு முகம்மது அலி. கும்பெனியாரும் அவர் பக்கம் சாய்ந்தனர். கான்சாகிபு பணிய மறுத்தார். 1763-இல் அவர் முன்பு தலைமை தாங்கிய சிப்பாய்ப்படையே மதுரைக் கோட்டையைச் சூழ்ந்தது. அம்முற்றுகையை அவர் முறியடித்தார். மறு ஆண்டில் மீண்டும் முற்றுகை நேர்ந்தது. கோட்டையில் உணவு அருகியது. இறுதியில் உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

போர் அவரை ஏற்றியது, போரே வீழ்த்தியது. அவர் வளர்த்த படைமுறையோ அழியவில்லை. அதனைக் கொண்டே கும்பெனியார் 1801-க்குள் பாளையங்களை அடக்கினர். வீரம் சிறந்தது, அவ்வீரம் எவர்க்குப் பயன்படுகின்றது என்று ஆராயும் அறிவு அதனினும் சிறந்தது. கான்சாகிபின் வாழ்க்கை உணர்த்தும் பாடம் இதுவே.