பழைய கார் போட்ட சத்தம்

பணக்காரர்களின் கார் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ரோல்ஸ் ராய்ஸ். நம் நாட்டு மகாராஜாக்கள் அதில் ஏறிப் பவனி வந்தார்கள். என்ஜின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அது சத்தமில்லாமல் ஓடும் என்று பெயர் வாங்கியது.

அந்தக் காரைச் செய்தவர் செல்வச் சீமான் அல்ல. ரெயில் நிலையத்தில் பத்திரிகை விற்றவர். வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர்.

அவரைக் கார் செய்யத் தூண்டியது ஒரு பழைய கார். அது போட்ட சத்தம்!

அவர் பெயர் ஹென்றி ராய்ஸ்.

தந்தையை இழந்த சிறுவன்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1863-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந்தேதி ராய்ஸ் பிறந்தான். தந்தை ஜேம்ஸ் மாவு ஆலை நடத்தி வந்தார். ஐந்து குழந்தைகளில் ராய்ஸ்தான் கடைக்குட்டி.

ஆலைத் தொழில் நொடித்தது. தந்தை பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போனார். அங்கேயே 1872-ல் இறந்துவிட்டார். அப்போது ராய்சுக்கு வயது 9.

விளையாட வேண்டிய வயதில் ராய்ஸ் வேலைக்குப் போனான். ரெயில் நிலையங்களில் பத்திரிகை விற்றான். பிறகு தந்திப் பையன் ஆனான். பள்ளிக்கூடம் போனது சொற்ப காலம்தான். பல நாள் அரை வயிறுதான்.

உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பையன்மீது இரக்கப்பட்டார். அவர் பணம் கட்டவே, 1878-ல் பீட்டர்பரோ ரெயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். மூன்று ஆண்டு சென்றது. அந்த அம்மையாரால் மேற்கொண்டு பணம் கட்ட முடியவில்லை. தொழில் படிப்பு பாதியில் நின்றது.

ராய்ஸ் மனம் தளரவில்லை. லீட்ஸ் நகரில் வாரம் 11 ஷில்லிங் கூலிக்கு வேலை பார்த்தான். பிறகு மின்சார விளக்குக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். பகலில் வேலை, மாலையில் படிப்பு.

20 பவுன் முதல்

1884-ம் ஆண்டு. ராய்சுக்கு வயது 21. கையில் இருந்த சேமிப்பு 20 பவுன். கிளேர்மான்ட் என்ற நண்பர் 50 பவுன் போட்டார். இருவரும் மான்செஸ்டர் நகரில், குக் தெருவில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார்கள். பட்டறைக்கு மேலே இருந்த அறையிலேயே குடியிருந்தார்கள்.

முதலில் மின்சார மணி செய்தார்கள். பிறகு மின்சாரம் உற்பத்தி செய்யும் டைனமோ. அதன்பின் பாரம் தூக்கும் மின்சார கிரேன். ராய்ஸ் பட்டறைச் சரக்கு என்றால் நம்பி வாங்கலாம் என்று பெயர் வந்தது.

பெயர் வந்தது; உடம்பு போயிற்று. வேலை மும்முரத்தில் ராய்ஸ் சாப்பிட மறந்துவிடுவார். இரவு முழுவதும் பட்டறையில் இருப்பார். 1902-ல் அவர் உடல் நிலைகுலைந்தது. ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்று மற்றவர்கள் வற்புறுத்தினார்கள். தென் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பினார்.

வந்தது பழைய கார்

1903-ம் ஆண்டு ராய்ஸ் ஒரு பழைய மோட்டார் கார் வாங்கினார். பிரான்சு நாட்டில் செய்த டெக்காவில் கார் அது. இரண்டு சிலிண்டர், 10 குதிரைச் சக்தி.

அந்தக் காலத்தில் அது நல்ல கார் என்றே எண்ணப்பட்டது. ஆனால் ராய்சின் காதுக்கு அது ஒத்துவரவில்லை. ஓடும்போது அதிர்ந்தது, இரைந்தது. வேறொருவராக இருந்தால், கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்திருப்பார். அல்லது எண்ணெய் விட்டுச் சமாளித்திருப்பார்.

ராய்ஸ் அப்படி விடவில்லை. சத்தம் வந்தால் எங்கோ ஏதோ தேய்கிறது. தேய்வது ஒரு நாள் உடையும். இதுதான் பட்டறை அவருக்குக் கற்றுக் கொடுத்த பாடம்.

சத்தம் எங்கே?

அந்தக் காலத்துக் காரில் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. பல கார்களில், காலால் மிதிக்கும் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடிக்கும். கையால் இழுக்கும் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். ஆகவே காலடியில் ‘கரகர’ என்று கேட்டால், அது கியரின் சத்தமா, பிரேக்கின் சத்தமா என்று குழப்பமாக இருக்கும்.

கழற்றிப் பார்ப்பதற்கு முன், சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும். ‘கீச்’ என்று கேட்டால் பிரேக் கட்டை அதிர்கிறது. தூசி படிந்திருந்தாலும் அப்படிக் கேட்கும். இரும்பை இரும்பு உராய்வது போலக் கேட்டால், கட்டையின் மேற்பூச்சு தேய்ந்து தீர்ந்திருக்கும். அப்படியே ஓட்டுவது ஆபத்து.

கார் நிற்கிறது; கியர் போடவில்லை; என்ஜின் மட்டும் ஓடுகிறது. அப்போது உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பெட்டிக்குள் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஒரு கியரில் மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால், அந்தக் கியரின் பற்களைச் சோதிக்க வேண்டும். புறப்படும்போது ‘டக்’ என்று அடித்தால், சுழலும் தண்டின் மூட்டு தளர்ந்திருக்கலாம். கியரை எடுத்துவிட்ட பிறகு, கார் தானாக உருளும்போதும் முனகல் தொடர்ந்தால், சக்கரத்தின் பேரிங்கையும் பின் அச்சையும் பார்க்க வேண்டும்.

கையால் கியர் போடும் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனைகள் இன்றும் உதவும். இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில், பிரேக் தேய்ந்ததும் கீச்சிட வேண்டும் என்பதற்காகவே ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் எச்சரிக்கை மணி. அதை அலட்சியம் செய்யக் கூடாது.

புதுக் கார் பிறந்தது

ராய்ஸ் பழைய காரை அக்கக்காகப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் ஆராய்ந்தார். அதன் குறைகளைக் களைந்து, தானே ஒரு கார் செய்வது என்று முடிவு செய்தார்.

புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. மற்றவர்கள் சுமாராகச் செய்ததைத் திருத்தமாகச் செய்தார். பல்லோடு பல் இசைவாகப் பொருந்தும்படி இழைத்தார். புகை போகும் குழாயில், சத்தத்தை அடக்க நல்ல ஏற்பாடு செய்தார்.

1904-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி அந்தக் கார் குக் தெருப் பட்டறையை விட்டு வெளியே வந்தது. தொழிலாளர்கள் சுத்தியலால் தட்டி ஆரவாரம் செய்தார்கள் என்று சொல்வார்கள். ராய்ஸ் அதைத் தம் வீடு வரை, சுமார் 15 மைல், ஓட்டிச் சென்றார்.

ஒரு மாதம் கழிந்தது. மே 4-ந்தேதி சார்லஸ் ரோல்ஸ் என்பவர் மான்செஸ்டருக்கு வந்தார். அவர் பிரபு வீட்டுப் பிள்ளை. லண்டனில் கார் வியாபாரம் செய்தவர். இரண்டு சிலிண்டர் கார் என்றால் தடதடக்கும் என்பது அவர் எண்ணம். ராய்சின் காரில் ஏறியதும் அந்த எண்ணம் மாறியது.

ராய்ஸ் செய்யும் கார்களை எல்லாம் ரோல்ஸ் விற்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று. மாவு ஆலைக்காரர் மகன் பெயரும், பிரபுவின் மகன் பெயரும் ஒன்று சேர்ந்தன. ரோல்ஸ் ராய்ஸ் பிறந்தது!

வெள்ளிப் பேய்

1907-ல் ஒரு காருக்கு வெள்ளி நிறம் பூசி, ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள். ‘வெள்ளிப் பேய்’ என்று அர்த்தம். பேய் நடந்தால் காலடி கேட்காது அல்லவா?

லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே அதை மறுபடி மறுபடி ஓட்டினார்கள். 629-வது மைலில் ஒரு முறை நின்றது. பெட்ரோல் குழாய்த் திருகு அதிர்ச்சியில் தானாக மூடிக்கொண்டதுதான் காரணம். அதற்குப் பிறகு 14,371 மைல் வரை, இயந்திரக் கோளாறால் ஒரு தடவைகூட நிற்கவில்லை! மொத்தம் 15,000 மைல் ஓடிய பிறகு பிரித்துப் பார்த்தார்கள். மாற்ற வேண்டியிருந்த பாகங்களின் விலை இரண்டு பவுனுக்குச் சற்று அதிகம்.

உடம்பின் முனகல்

புகழ் வந்தது. துன்பமும் வந்தது. 1910 ஜூலை 12-ந்தேதி விமான விபத்தில் ரோல்ஸ் இறந்தார். அவருக்கு வயது 32.

அடுத்த ஆண்டே ராய்ஸ் கடும் நோயில் விழுந்தார். சிறு வயதுப் பட்டினியும், தூக்கம் கெட்ட இரவுகளும் அவரை வாட்டின. காரில் சிறு முனகல் கேட்டாலும் காரைப் பிரித்துப் பார்த்தவர், தம் உடம்பு முனகியபோது காது கொடுக்கவில்லை. பெரிய ஆபரேஷன் நடந்தது. இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர்கள் கருதினார்கள். ஆனாலும் அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

குளிர்காலத்தில் பிரான்சின் தென் கடற்கரை; மற்ற நாட்களில் இங்கிலாந்தின் தென் கரை. ஒரு நர்சு உடனிருந்து கவனித்தார். டெர்பி நகரில் பெரிய தொழிற்சாலை நடந்தது. ராய்ஸ் அங்கே போகவில்லை. என்ஜினீயர்கள் படங்களோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் திருத்தி அனுப்புவார்.

முதல் உலகப் போரின்போது அவர் அமைத்த ‘ஈகிள்’ விமான என்ஜின் பெயர் பெற்றது. 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் முதன்முதலாக எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். அவர்கள் விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் என்ஜின்கள்.

பிரேக்கையும் அவர் மறக்கவில்லை. ஹிஸ்பானோ சூயிசா காரில் இருந்த ஏற்பாட்டைத் தழுவி, 1924 வாக்கில் நான்கு சக்கர பிரேக் கொண்டுவந்தார். கியர் பெட்டியோடு சுழலும் ஒரு தட்டு, காரின் ஓட்ட வேகத்தைக் கொண்டே பிரேக்கை அழுத்திக் கொடுக்கும். ஓட்டுகிறவர் லேசாக மிதித்தால் போதும். பல ஆண்டுகள் ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் இந்த முறை இருந்தது.

கடைசிப் படம்

1930-ல் அரசாங்கம் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியது. அதன் பிறகும் தம்மை ஒரு மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதையே அவர் விரும்பினார்.

1933 ஏப்ரல் 22-ந்தேதி, 70-வது வயதில், ராய்ஸ் இறந்தார். அதற்கு முதல் நாள், படுக்கையில் இருந்தபடியே ஒரு தபால் உறையின் பின்புறத்தில் ஏதோ படம் வரைந்தார் என்று சொல்கிறார்கள். காரின் குலுக்கலைக் குறைக்கும் ஒரு கருவியின் படம் அது. அந்த உறை தொழிற்சாலைக்குப் போய்ச் சேருமுன் அவர் உயிர் பிரிந்துவிட்டது.

அவருடைய அஸ்தி, பிறந்த ஊரான ஆல்வால்டன் தேவாலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.